அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தால் மட்டும் போதாது

வீட்டை விற்பதாகக் கிரய ஒப்பந்தம் எழுதி முன்பணமும் வாங்கிய பிறகு அதிலிருந்து விலகுவது, பலரும் நினைப்பதுபோல வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுப்பதோடு முடிந்துவிடும் காரியம் அல்ல. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 54-இல், விற்பனை ஒப்பந்தம் தன்னளவில் சொத்தில் எந்த உரிமையையும் உண்டாக்காது என்கிறது. இதைக் கேள்விப்பட்ட விற்பவர்கள் துணிச்சல் கொள்கிறார்கள். ஆனால் 1963-இன் குறித்தவகைப் பரிகாரச் சட்டம் வாங்குபவருக்கு வேறொரு வழியைத் திறந்து வைத்திருக்கிறது. பணம் வேண்டாம், பேசிய வீட்டையே கிரயம் செய்து தர வேண்டும் என்று அவர் வழக்குப் போடலாம். தீர்ப்பு அவர் பக்கம் வந்து, விற்பவர் கையெழுத்துப் போட மறுத்தால், நீதிமன்றமே அவர் சார்பில் பத்திரத்தை எழுதிப் பதிவு செய்து கொடுக்கும்.

2018 வரை இந்த வழக்குகளில் நீதிபதிக்கு விருப்புரிமை இருந்தது. விற்பவருக்கு எதிர்பாராத பெருங்கஷ்டம் நேரும் என்று தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி வழக்கை முடித்துவிட முடிந்தது. அந்த ஆண்டு செய்த திருத்தம், அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்து, அந்த விருப்புரிமையை எடுத்துவிட்டது. சட்டத்தில் சொல்லியிருக்கும் தடைகள் ஏதும் இல்லையென்றால் ஒப்பந்தத்தை நிறைவேற்றச் சொல்வதே இப்போது விதி. "மகள் சம்மதிக்கவில்லை", "விலை ஏறிவிட்டது", "மனசு மாறிவிட்டது" என்ற காரணங்கள் முன்பைவிடப் பலம் குறைந்துவிட்டன.

ஒப்பந்தங்களில் வழக்கமாக வரும் ஒரு வாசகமும் பலரை ஏமாற்றுகிறது. விற்பவர் தவறினால் முன்பணத்தை இரட்டிப்பாகத் தர வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். இரட்டிப்பாகக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ளலாம் என்று விற்பவர் அதற்குப் பொருள் கொள்கிறார். குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் பிரிவு 23 அதை ஏற்பதில்லை. மீறலுக்கு ஒரு தொகை குறித்திருப்பதாலேயே கிரயம் கேட்கும் உரிமை போய்விடாது. பணம் கொடுத்து விலகும் தேர்வை விற்பவருக்குத் தருவதற்காகவே அந்தத் தொகை எழுதப்பட்டது என்று ஒப்பந்தத்தின் வாசகத்திலிருந்தும் சூழலிலிருந்தும் தெரிந்தால்தான் நிலைமை வேறு. ஆகவே வாங்குபவர் ஒத்துக்கொள்ளாமல் வெளியே வர விற்பவருக்கு இருக்கும் உறுதியான வழி பெரும்பாலும் ஒன்றே. ஒப்பந்தப்படி நடக்கத் தவறியவர் வாங்குபவர்தான் என்று எழுத்தாலும் தேதியாலும் காட்ட வேண்டும்.

ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பே வாங்குபவரால் சங்கடம் வரும் என்று தெரிந்துவிட்டால் விலகுவது எளிது. தரகர் முன்னிலையில் டோக்கனாக ஒரு சிறு தொகை கைமாறியிருக்கும், விலை பேசியிருப்பார்கள், மற்றவை "எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று விடப்பட்டிருக்கும். வாய்ப்பேச்சு உடன்பாடு சட்டத்தின் கண்ணில் செல்லாதது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் வாங்குபவருடையது, அது கடினம். இந்தக் கட்டத்தில் விலகுகிறவர் டோக்கனை வங்கி வழியாகத் திருப்பி அனுப்பி, விற்பனை பேச்சோடு நின்றுவிட்டது, ஒப்பந்தம் ஏதும் ஏற்படவில்லை என்று இரண்டு வரி எழுதி அனுப்பிவிடுவது நல்லது. விலை, கெடு, சொத்து விவரம் மூன்றும் தெளிவாக இருக்கும் வாட்ஸ்அப் செய்திகள் பின்னால் சான்றாக வரக்கூடும். பேரம் நடக்கும்போதே அதை நினைவில் வைப்பது பயன் தரும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகு கேள்வி மாறுகிறது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் 1 முதல் கிரய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். பதியாத ஒப்பந்தம் வெறும் காகிதம் என்று பத்திர எழுத்தர்களே சிலர் சொல்வதுண்டு, அதை நம்பி விற்பவர்கள் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. பதியாத ஒப்பந்தத்தையும், கிரயம் செய்து தரக் கோரும் வழக்கில் சான்றாகக் காட்டலாம். பதியாததால் வாங்குபவர் இழக்கும் முக்கியமான பாதுகாப்பு ஒன்று உண்டு. வீட்டின் அனுபவம் அவர் கைக்கு வந்திருந்தாலும், ஒப்பந்தத்தைக் காட்டி அந்த அனுபவத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை (சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 53ஏ), 2001 திருத்தத்துக்குப் பிறகு, பதிவான ஒப்பந்தத்துக்கு மட்டுமே கிடைக்கும்.

சங்கடம் தரும் வாங்குபவர் எல்லோரும் ஒரே ரகம் அல்ல. அவர் செய்வது எரிச்சலா, ஒப்பந்த மீறலா என்று முதலில் பிரித்துப் பார்க்க வேண்டும். மூலப் பத்திரத்தை மூன்று வக்கீல்களிடம் காட்டுகிறார், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று கேட்கிறார், ஞாயிற்றுக்கிழமைதோறும் உறவினர்களை அழைத்துவந்து வீட்டைச் சுற்றிக் காட்டுகிறார் என்றால், அது தொல்லையாக இருக்கலாம், மீறல் ஆகாது. வீட்டை வாங்குபவருக்கு ஆவணங்களைத் துருவிப் பார்க்கும் உரிமை உண்டு. வேறொருவர் பெயரில் பத்திரம் எழுதித் தரச் சொன்னாலும், ஒப்பந்தத்தில் "தாங்களாவது தாங்கள் குறிப்பிடும் நபர்களாவது" என்ற வழக்கமான வரி இருந்தால், அவர் கேட்பது நியாயமே.

கையெழுத்துக்குப் பிறகு விலையைக் குறைக்கக் கேட்பது வேறு விஷயம். சுவரில் ஈரம் இருக்கிறது, பாதை அகலம் குறைவு, பக்கத்து மனை மலிவாகப் போயிருக்கிறது என்று ஏதாவது சொல்லி, ஐந்து லட்சம் குறைத்தால்தான் பதிவுக்கு வருவேன் என்று ஒருவர் எழுத்தில் சொல்லிவிட்டால், பேசிய விலைக்கு வாங்க அவர் தயாராக இல்லை என்பதற்கு அதுவே சான்று. மீதித் தொகை தராமலே சாவி கேட்பவர், குடிபோகும் முன்பே சுவரை இடித்து வேலை தொடங்க அனுமதி கேட்பவர், ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதிக விலைக்கு வேறு ஆள் தேடி, கிடைக்காதவரை நாளைக் கடத்துகிறவர் ஆகியோரும் இந்த வகைதான். இதில் கவனிக்க வேண்டிய இன்னொருவர், வீட்டில் ஏற்கெனவே வாடகைக்கு இருந்து அதையே வாங்க ஒப்பந்தம் போட்டவர். ஒப்பந்தம் எழுதிய மாதத்திலிருந்து வாடகையை நிறுத்திவிட்டு, கிரயத்தையும் முடிக்காமல் அவர் ஆண்டுக்கணக்கில் இருந்துவிட முடியும். பதிவு முடியும்வரை வாடகை தொடரும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருந்தால், இந்தச் சங்கடத்தில் பாதி வராது.

அடுத்தது கெடு. அசையாச் சொத்து விற்பனையில், ஒப்பந்தத்தில் குறித்த காலம் உயிர்நாடி அல்ல என்பது இந்திய நீதிமன்றங்களின் பழைய அனுமானம். ஆறு மாதக் கெடு தாண்டிய மறுநாளே ஒப்பந்தம் தானாகச் செத்துவிடாது. இந்த அனுமானத்தைக் கேள்விக்குள்ளாக்கிய வழக்குகளில் முக்கியமான ஒன்று மதுரையிலிருந்து போனது. 1978 டிசம்பர் 15 அன்று மதுரையில் ஒரு வீட்டை 60,000 ரூபாய்க்கு விற்க ஒப்பந்தமானது. முன்பணம் 5,000 ரூபாய், கெடு ஆறு மாதம். அதன்பின் 1981 ஜூலை வரை, இரண்டரை ஆண்டுகளுக்கு மேல், வாங்குபவர் மௌனமாக இருந்தார். பிறகு நோட்டீஸ் அனுப்பி, வழக்கும் போட்டார். அதற்குள் வீட்டின் விலை மும்மடங்காகிவிட்டது என்று விற்பவர்கள் சொன்னார்கள். 1997-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. கெடு உயிர்நாடி இல்லையென்றாலும் அதற்குப் பொருளே இல்லை என்று ஆகிவிடாது, நகர்ப்புறச் சொத்துகளின் விலை வேகமாக ஏறும் காலத்தில் சிறு முன்பணத்தைக் கொடுத்துவிட்டு ஆண்டுக்கணக்கில் சும்மா இருந்தவருக்குக் கிரயம் வாங்கித் தருவது நியாயமாகாது என்றது. விலையேற்றம் மட்டும் தனியாக விற்பவரைக் காப்பாற்றாது. அதோடு வாங்குபவரின் செயலின்மையும் சேர வேண்டும் என்பதை இந்த வழக்கு நன்றாகக் காட்டுகிறது.

தமிழ்நாட்டிலிருந்தே சென்ற இன்னொரு வழக்கில், 2011-இல், உச்ச நீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. அந்த ஒப்பந்தத்தில் மீதித் தொகையைக் குறித்த தேதிகளில் தவணையாகக் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தது, பத்திரம் முடிக்கும் தேதி மட்டும் தளர்வாக இருந்தது. பத்திரத்தின் காலம் உயிர்நாடி அல்ல, பணம் கட்டும் காலம் உயிர்நாடிதான் என்று நீதிமன்றம் பிரித்துக் காட்டியது. விலைவாசி ஆடாமல் நின்ற காலத்தில் பிறந்த பழைய அனுமானத்தை இனி மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்றும் சொன்னது. ஒப்பந்தம் எழுதப் போகும் விற்பவருக்கு இதைவிடப் பயனுள்ள தகவல் இல்லை. "ஆறு மாதத்துக்குள் கிரயம்" என்ற பொத்தாம்பொது வரியைவிட, எந்தத் தேதியில் எவ்வளவு பணம், தவறினால் என்ன என்று எழுதிய ஒப்பந்தம் அவரைப் பல மடங்கு பாதுகாக்கும்.

இப்படிக் கிடைக்கும் பாதுகாப்பை விற்பவர் தன் கையாலேயே கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில்தான். கெடு முடியும் வாரத்தில் வாங்குபவர் ஒரு லட்சம் கொண்டுவருகிறார், இன்னும் மூன்று மாதம் அவகாசம் கேட்கிறார். விற்பவர் பணத்தை வாங்கிக்கொண்டு, முத்திரைத்தாளின் பின்புறம் பெற்றுக்கொண்டதாக எழுதிக் கையெழுத்துப் போடுகிறார். புதிய கெடு எதுவும் அதில் இருக்காது. இரண்டு முறை இப்படி நடந்துவிட்டால், கெடுவை விற்பவரே பொருட்டாக மதிக்கவில்லை என்று வாங்குபவரின் வக்கீல் வாதிடுவார், அந்த வாதம் எடுபடும். அவகாசம் கொடுப்பதில் தவறில்லை. கொடுக்கும்போது, இந்தத் தேதிவரை மட்டும், இது கடைசி நீட்டிப்பு, அதற்குள் முழுப் பணம் வராவிட்டால் ஒப்பந்தம் ரத்தாகும் என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். கெடு தாண்டிய பிறகு வாங்குபவர் தானாகவே கணக்கில் பணம் போட்டுவிட்டால், ஏற்க விருப்பமில்லாத விற்பவர் அதை உடனே திருப்பி அனுப்பிவிட வேண்டும்.

வாங்குபவர் தவறிவிட்டார் என்று சொல்லும் முன் விற்பவர் தன் பக்கத்தையும் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. அடமானக் கடனை அடைத்து ஆவணங்களை வங்கியிலிருந்து மீட்டாரா, பட்டா தன் பெயரில் இருக்கிறதா, வில்லங்கம் இல்லாமல் தருவதாகச் சொன்னது நடந்ததா, குடியிருப்பவரைக் காலி செய்து தருவதாக எழுதியிருந்தால் செய்தாரா? இவற்றில் ஒன்று பாக்கியிருந்தாலும், "நான் பணத்தோடு காத்திருந்தேன், அவர் தயாராக இல்லை" என்று வாங்குபவர் சொல்லிவிடுவார். வாங்குபவரின் தரப்பில், ஒப்பந்தத்தை நிறைவேற்ற எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்ததை அவர் நிரூபிக்க வேண்டும் என்கிறது குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் பிரிவு 16(சி). ரொக்கத்தைக் கட்டுக்கட்டாக எடுத்துவந்து காட்டத் தேவையில்லை. பணம் புரட்டும் வசதி அந்தக் காலம் முழுக்க அவருக்கு இருந்ததா என்பதே கேள்வி. வங்கிக் கணக்கு விவரம், வீட்டுக்கடன் ஒப்புதல் கடிதம், வைப்புத்தொகை ரசீது போன்றவை இல்லாமல் வாயால் மட்டும் தயார் என்று சொன்ன பலர் இந்த இடத்தில்தான் தோற்கிறார்கள்.

கூட்டுச் சொத்தாக இருந்து, பங்குதாரர் சிலர் கையெழுத்துப் போடாமல் விட்டிருந்தால், அவர்களின் பங்கு ஒப்பந்தத்துக்குக் கட்டுப்படாது. இதைச் சாக்காக வைத்து, கையெழுத்துப் போட்ட அண்ணன் தன் பங்கையும் காப்பாற்றிக்கொள்ள முடியும் என்று எண்ணுவது ஆபத்து. அவர் பங்கை மட்டும் வாங்குபவர் கேட்க வழி இருக்கிறது. விற்பவர் இறந்துவிட்டாலும் ஒப்பந்தம் வாரிசுகளைத் தொடரும்.

விலகுவது என்று முடிவானபின் செய்ய வேண்டிய முதல் வேலை வக்கீல் நோட்டீஸ். கோபத்தில் எழுதும் கடிதமும் போனில் போடும் சண்டையும் பின்னால் எதிர்த்தரப்புக்கே உதவும். நல்ல நோட்டீஸ் இரண்டு கட்டமாகப் போகும். முதலாவது, ஒப்பந்த நாள், பேசிய விலை, பெற்ற முன்பணம், முடிந்துபோன கெடு ஆகியவற்றைச் சொல்லி, தன் பக்கத்து வேலைகள் முடிந்தன என்பதையும் சொல்லி, இத்தனை நாளுக்குள் மீதித் தொகையோடு இன்ன சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இன்ன தேதியில் வர வேண்டும் என்று கேட்கும். கொடுக்கும் அவகாசம் நியாயமானதாக இருக்க வேண்டும். பதினைந்து நாளோ ஒரு மாதமோ சொத்தின் மதிப்பையும் சூழலையும் பொறுத்தது. அந்தத் தேதியில் விற்பவர் ஆவணங்களோடு அலுவலகத்துக்குப் போய் நின்றதற்கு ஏதாவது சான்று வைத்துக்கொள்வதும் நல்லது. வாங்குபவர் வரவில்லை என்றால் இரண்டாவது நோட்டீஸ் ஒப்பந்தத்தை ரத்து செய்யும். பதிவு செய்து ஒப்புகையுடன் தபாலில் அனுப்பியது "வாங்க மறுத்தார்" என்ற குறிப்போடு திரும்பி வந்தாலும், அது சேர்ந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்த உறையைப் பிரிக்காமல் வைத்திருக்க வேண்டும்.

ரத்து நோட்டீஸின் மதிப்பு 2013-இல் வந்த ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கூடியது. ரத்து செய்யப்பட்ட ஒப்பந்தத்தின்பேரில் வழக்குப் போடுகிறவர், அந்த ரத்து செல்லாது என்ற பரிகாரத்தையும் சேர்த்துக் கேட்டிருக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு. காரணமே இல்லாமல் அனுப்பும் ரத்துக் கடிதத்துக்கு இந்தப் பலம் கிடைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. வாங்குபவரின் தவறு முன்பே எழுத்தில் பதிவாகியிருக்கும்போதுதான் அது நிற்கும். ரத்தோடு முன்பணத்தை வரைவோலையாக இணைத்து அனுப்புவதும் பயனுள்ளது. அதை எதிர்ப்பேதும் சொல்லாமல் மாற்றிக்கொண்டவர், பின்னால் வீடுதான் வேண்டும் என்று கேட்பது கடினம். 2025-இல் உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு வழக்கில், திரும்பி வந்த வரைவோலைகளைப் பணமாக்கிக்கொண்டது வாங்குபவருக்கு எதிராகவே எடுத்துக்கொள்ளப்பட்டது.

முன்பணம் முழுவதையும் வைத்துக்கொள்ளலாமா என்பது தனிக் கேள்வி. வாங்குபவர் தவறினால் அச்சாரத்தைப் பறிமுதல் செய்யலாம் என்ற வாசகம் ஒப்பந்தத்தில் இருந்தால் செய்யலாம். 70 லட்சம் ரூபாய் வீட்டுக்குக் கொடுத்த 7 லட்சம் அச்சாரத்தை விற்பவர் வைத்துக்கொண்டதை 2012-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் அச்சாரம் வேறு, விலையில் ஒரு பகுதியாகப் பின்னால் வரும் பணம் வேறு. 1963-இல் முடிந்த டெல்லி வழக்கொன்றில் 1,000 ரூபாய் அச்சாரமாகவும் 24,000 ரூபாய் பிறகும் தரப்பட்டிருந்தது. 1,000-ஐ மட்டும் வைத்துக்கொள்ள விற்பவருக்கு அனுமதி கிடைத்தது. பணத்தை வாங்குவதிலும் திருப்புவதிலும் வருமான வரிச் சட்டத்தின் கட்டுப்பாடு ஒன்று 2015 ஜூன் முதல் இருக்கிறது. அசையாச் சொத்து விற்பனைக்கான முன்பணம் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ போனால், விற்பனை நடந்தாலும் நடக்காவிட்டாலும், ரொக்கமாக வாங்கவும் கூடாது, ரொக்கமாகத் திருப்பவும் கூடாது. மீறினால் அதே அளவு தொகை அபராதமாக வரலாம். பறிமுதல் செய்த முன்பணம் அந்த ஆண்டின் வருமானமாகக் கணக்கில் சேரும்.

இத்தனைக்கும் பிறகு பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் நின்றுகொண்டிருக்கும். புதிதாக வாங்க வருபவரும் அவருக்குக் கடன் தரும் வங்கியும் முதலில் பார்ப்பது அந்தப் பதிவைத்தான். வாங்குபவர் வழக்குப் போடக் கெடு தேதியிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது, தேதி குறிக்காத ஒப்பந்தத்தில் விற்பவர் மறுத்தது தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. அதற்குள் வீட்டை வேறொருவருக்கு விற்றால், பழைய ஒப்பந்தம் தெரிந்து வாங்கிய அந்தப் புதியவரும் அதற்குக் கட்டுப்படுவார். பதிவான ஒப்பந்தம் அவருக்குத் தெரியாது என்று சொல்ல இடமில்லை. வழக்கு நடக்கும்போது விற்றால், விற்பனை வழக்கின் முடிவுக்கு உட்பட்டதாகிவிடும். ஒருவேளை வாங்குபவருக்கே தீர்ப்பாகி, குறித்த காலத்துக்குள் மீதிப் பணத்தை அவர் கட்டத் தவறினால், அதே வழக்கில் மனுப் போட்டு ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்க குறித்தவகைப் பரிகாரச் சட்டத்தின் பிரிவு 28 வழி தருகிறது.

இதுவரை சொன்ன விதிகள் உண்மையாகவே வீடு வாங்க வந்தவருக்கானவை. தமிழ்நாட்டில் கிரய ஒப்பந்தம் என்ற பெயரில் நடக்கும் வேறொன்று இருக்கிறது, அதில் சிக்கியவர்களின் நிலை மிகக் கொடியது. மருத்துவச் செலவுக்கோ மகள் திருமணத்துக்கோ கடன் கேட்டுப் போகிறவரிடம் ஈடாக அடமானப் பத்திரம் எழுதாமல் கிரய ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள். நாற்பது லட்சம் மதிப்புள்ள வீட்டுக்குப் பத்து லட்சம் விலை, ஒன்பது லட்சம் முன்பணமாகப் பெற்றதாக வாசகம், மீதி ஒரு லட்சத்துக்கு இரண்டு மூன்று ஆண்டுக் கெடு என்று அது இருக்கும். வட்டி நின்றதும் "கிரயம் செய்து கொடு" என்று வழக்கு வரும். இங்கே விற்பவர் சொல்ல வேண்டியது விலகல் அல்ல. ஒப்பந்தமே விற்பனைக்காக எழுதப்படவில்லை, கடனுக்கு ஈடாக எழுதப்பட்டது என்பதுதான். எழுத்தில் உள்ளதற்கு எதிராக இதை நிரூபிக்க வாய்மொழிச் சாட்சியம் தர சட்டம் இடம் தருகிறது. சந்தை விலைக்குப் பொருந்தாத தொகை, சின்ன மீதிக்கு நீண்ட கெடு, ஒப்பந்தம் வைத்திருப்பவரின் வட்டித் தொழில், மாதாமாதம் வட்டி கட்டிய வங்கிக் குறிப்புகள் எல்லாம் நீதிமன்றம் கவனிக்கும் அடையாளங்கள். வட்டி அளவு மீறியிருந்தால், 2003-இன் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டத்தின்கீழ் புகாரும் கொடுக்கலாம். வட்டி கட்டியதைக் கணக்கில் காட்டாமல் ரொக்கமாகக் கொடுத்தவர்களுக்குத்தான் இதில் மீட்சி கடினம்.

வாங்குபவர் மேல் எந்தத் தவறும் இல்லாமல், விற்பவரே மனம் மாறியிருந்தால், மிஞ்சுவது பேச்சுவார்த்தை ஒன்றுதான். முன்பணத்தோடு வட்டி, பத்திர எழுத்தர் செலவு, வக்கீல் செலவு, வங்கிக் கடனுக்குக் கட்டிய பரிசீலனைக் கட்டணம், சில சமயம் விலை ஏறியதில் ஒரு பங்கு என்று கணக்குப் பேச வேண்டியிருக்கும். கொடுத்த முன்பணத்துக்காகச் சொத்தின் மேலேயே வாங்குபவருக்குப் பொறுப்புரிமை இருக்கிறது என்பதால், பேரம் பேச அவருக்கு இருக்கும் பலம் குறைவல்ல. அவருக்கும் வழக்கு சுலபமில்லை. கிரயம் கோரும் வழக்கில் முழு விற்பனை விலையின்மீது நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும், மேல்முறையீடுகளோடு ஆண்டுகள் ஓடும். இரு தரப்பும் இதை உணர்ந்தால் மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் எட்டலாம். அங்கே எழுதப்படும் முடிவு தீர்ப்புக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு இல்லை.

சமரசம் எந்த வழியில் வந்தாலும், பதிவான ஒப்பந்தத்தை முடித்துவைப்பது ரத்து ஆவணம்தான். இருவரும் ஒப்பந்தம் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்துக்கு வந்து கையெழுத்திட வேண்டும். அந்த ஆவணத்தில் பழைய ஒப்பந்தத்தின் எண்ணும் ஆண்டும், திருப்பித் தந்த தொகையும், அது போன வங்கிப் பரிவர்த்தனை எண்ணும் இருக்க வேண்டும். இனி இச்சொத்தில் எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வாசகம் தெளிவாக இருக்க வேண்டும். அசல் ஒப்பந்தத்தையும் வாங்கிப்போன ஆவண நகல்களையும் அங்கேயே திரும்பப் பெற வேண்டும். ஒப்பந்தத்தோடு பொது அதிகாரப் பத்திரம் ஏதும் எழுதிக் கொடுத்திருந்தால் அதையும் அன்றே ரத்து செய்ய வேண்டும். வழக்கு நிலுவையில் இருந்தால் அதைத் திரும்பப் பெறும் மனுவும் சேர வேண்டும். சில நாள் கழித்துப் புதிய வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்து, ரத்து ஆவணம் அதில் ஏறியிருப்பதை உறுதி செய்தபின் அடுத்த வாங்குபவரிடம் பேச்சைத் தொடங்கலாம்.